புறமுதுகு காட்டாத பி.டி. மாஸ்டர்

"மூச்சை உள்ள இழுங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்" என்றாள் மனைவி.

பி.டி. மாஸ்டர் இழுத்தார். இதற்கு மேல் இழுத்தால் வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும் என்ற கட்டத்தில், வெள்ளைப் பேன்ட்டின் பொத்தான் முனகிக்கொண்டே துளைக்குள் போனது.

"இப்ப விடலாமா?"

"மெதுவா விடுங்க. தும்மல் வந்தா அடக்கிக்குங்க. யாராவது ஜோக் சொன்னா சிரிக்காதீங்க."

அந்தப் பேன்ட் அவர் வேலையில் சேர்ந்தபோது தைத்தது. அதற்குப் பிறகு அது வளரவில்லை. அவர்தான் வளர்ந்தார். ஓடு ஓடு என்று ஊர்ப் பிள்ளைகளை விரட்டுகிறவர், தான் ஓடுவதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே நினைவில்லை.

"தினமும் போடற பேன்ட்டையே போட்டுட்டுப் போனா என்னவாம்?" என்றாள் மனைவி.

"பெரிய ஆபீசர் வர்றாருடி. டிரில்லுன்னா வெள்ளை. அதுல ஒரு மரியாதை இருக்கு."

"இருக்கு இருக்கு. குனியாம இருக்கற வரைக்கும் இருக்கு."

வாசலில் ஏழாம் வகுப்பு மகள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அப்பா வேலை பார்க்கும் பள்ளியிலேயே படிக்கும் துர்பாக்கியம் அவளுக்கு. அப்பா டீச்சர் என்று தெருவில் இருக்கும் தோழிகளிடம் சொல்லுவாள். என்ன பாடம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு எதுவும் ஏடாகூடமா பண்ணி என் மானத்த வாங்கிடாதீங்க."

"நான் என்னிக்கும்மா அப்படிப் பண்ணேன்?"

மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவரே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன வேலை இல்லை என்றுதான் கேட்கவேண்டும். காலையில் வரிசை நிறுத்துவார். நகம் பார்ப்பார். விழா என்றால் நாற்காலி போடுவார், மைக் கட்டுவார், விழா முடிந்ததும் இரண்டையும் தூக்கி உள்ளே வைப்பார். மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார். இத்தனையும் செய்துவிட்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், "என்ன மாஸ்டர், உங்களுக்கென்ன, விசில் ஊதினா சம்பளம்" என்பார்கள். அவரும் கூடவே சிரித்துவைப்பார். உள்ளே எரியும்.

இப்போது அந்த விசிலுக்கும் வேட்டு வந்திருந்தது. கணக்கு டீச்சர் விளையாட்டுப் பீரியடுகளை எல்லாம் தனக்குக் கொடுத்துவிடும்படி தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டார். தலைமையாசிரியைக்கு யார் மனசும் நோகக்கூடாது. அதனால், "ஆபீசரே வந்து பாத்து முடிவு சொல்லட்டும்" என்று கைகழுவிவிட்டார். பீரியட் போனால் மாஸ்டருக்கு மணி அடிக்கிற வேலையும் நாற்காலி தூக்குகிற வேலையும்தான் மிச்சம்.

அவர் கையில் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. சைகை டிரில். வருஷக்கணக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், டாக்டர் கத்தவே கூடாது என்று சொன்ன பிறகு அவரே கண்டுபிடித்தது. வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். மேடை மேல் நின்று அவர் என்ன செய்கிறாரோ, அதை மொத்தப் பள்ளிக்கூடமும் அப்படியே செய்யும். "யோசிக்காதே, கேள்வி கேக்காதே, என்னைப் பாரு, நான் செய்யறதைச் செய்" என்பதுதான் பாடம். பிள்ளைகள் வேறு எந்தப் பாடத்தையும் இவ்வளவு சுத்தமாகப் படித்ததில்லை.

உணவு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஆபீசர் வந்தார். நல்ல கனமான மனிதர், கனமான மீசை. மைதானத்தின் ஓரத்தில் விருந்தினர் மேடை. அதற்கு நேர் முன்னால், தரையில், பி.டி. மாஸ்டருக்கு ஒரு சின்ன மரமேடை. அதற்கு எதிரே வரிசை வரிசையாகப் பிள்ளைகள். அதாவது மாஸ்டரின் முகம் பிள்ளைகளுக்கு, முதுகு ஆபீசருக்கு.

"உக்காருங்க சார்" என்றார் தலைமையாசிரியை.

"வேணாம்மா. உக்காந்து உக்காந்துதான் இந்த உடம்பு. நான் நின்னுக்கிட்டே பாக்கறேன்" என்றார் ஆபீசர். "மாஸ்டர், ஆரம்பிங்க. எங்களுக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வரட்டும்."

மாஸ்டர் விசில் ஊதினார். கையைத் தூக்கினார். மைதானம் முழுக்கக் கைகள் எழுந்தன. இறக்கினார். இறங்கின. மகள் முன் வரிசையிலேயே நின்றாள். நேராக அவரைப் பார்க்கவில்லை என்றாலும் கை மட்டும் தவறாமல் ஏறி இறங்கியது. மாஸ்டருக்குத் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் மனைவி சொன்னது மறந்துபோனது. கால் விரலைத் தொடும் பயிற்சிக்காகக் குனிந்தார்.

டர்ர்ர்ர்.

பின்னால் கேட்டது. நீளமான, சந்தேகத்துக்கே இடமில்லாத சத்தம்.

மாஸ்டர் குனிந்தது குனிந்தபடி நின்றார். காது இரண்டும் சூடாகிவிட்டன. நிமிர்ந்தால் இன்னும் கிழியுமோ என்று பயம். குனிந்தே இருந்தால் ஆபீசருக்கு முழுக் காட்சி. அவர் எந்த முடிவுக்கும் வராமல் நின்றதால், பள்ளிக்கூடம் முழுவதும் எந்த முடிவுக்கும் வராமல் குனிந்து நின்றது.

"சார், தலை சுத்துது" என்றது முன் வரிசையில் ஒரு குரல்.

மெல்ல நிமிர்ந்தார். எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சட்டையைச் சரிசெய்கிற மாதிரி கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல் சட்டென்று துணியின் இடைவெளிக்குள் நுழைந்தது. போச்சு. குடியே முழுகிப்போச்சு.

நிமிர்ந்து பார்த்தால், எதிரே அத்தனை பிள்ளைகளும் ஒரு கையைப் பின்னால் வைத்துத் தடவிக்கொண்டு, சாரைப் போலவே அதிர்ச்சியாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றன.

மாஸ்டர் வெடுக்கென்று கையை எடுத்தார். எல்லாக் கையும் வெடுக்கென்று முன்னால் வந்தது.

முடித்துவிடுவதுதான் நல்லது. முடிப்பதற்கான நீள விசிலை ஊதினார். பிள்ளைகள் கலைய ஆரம்பித்தார்கள்.

"மாஸ்டர்! ஏன் நிறுத்தறீங்க? நடக்கட்டும், நடக்கட்டும்!" என்று பின்னாலிருந்து ஆபீசரின் குரல் கிட்டத்தட்ட அலறியது. கலைந்த பிள்ளைகள் திரும்ப வரிசைக்கு ஓடிவந்தன.

மாஸ்டர் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். அதுவரை உட்காரவே மாட்டேன் என்று நின்ற மனிதர் இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு. முகம் சிவந்திருந்தது. சிரிப்பை அடக்குகிறார், வேறென்ன. மனுஷன் வசதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தயாராகிவிட்டார் என்று நினைத்தபோது மாஸ்டருக்கு அந்த மரமேடையோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மேடை ஓரத்தில் பச்சை அணியின் கொடி நின்றது. அதைக் குச்சியிலிருந்து உருவி, பின்பக்கம் மறைகிற மாதிரி இடுப்பில் கட்டினார். நல்ல யோசனைதான். ஆனால் உடனே நீல அணித் தலைவன் நீலக்கொடியை உருவினான். மஞ்சளும் சிவப்பும் உருவப்பட்டன. கொடி இல்லாத பிள்ளைகள் ஒரு நொடி திகைத்தன. பிறகு கழுத்து டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டன. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு டை கட்டத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கட்டிவிடச் சொல்லி, இரண்டு இரண்டு பேராக முடிச்சுப் போட்டுக்கொண்டன.

தலைமையாசிரியை மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார். "மாஸ்டர், என்ன இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"புது அயிட்டம், மேடம்."

"ஒத்திகையில இது இல்லையே!"

"இருக்கட்டும்மா, குறுக்க பேசாதீங்க. நீங்களும் அந்தப் பக்கமே பாருங்க" என்றார் ஆபீசர்.

முக்கோணக் கொடி. ஒரு ஓரம் மறைந்தால் இன்னொரு ஓரம் தெரியும். மாஸ்டருக்கு இனி ஒரே கதி, மைதானத்தின் இடது பக்கச் சுவர். முதுகைக் கொண்டுபோய் அதில் ஒட்டிவிட்டால் தப்பித்தார். பக்கவாட்டாகத் திரும்பி, சுவர் இருந்த திசையில் பின்னால் பின்னால் நடந்தார். மொத்தப் பள்ளியும் திரும்பிப் பின்னால் பின்னால் நடந்தது. சுவர் ஓரம் நிழலில் ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு தங்களை நோக்கி ஒரு பட்டாளம் வருவதைப் பார்த்து அவர்கள் சிதறினார்கள்.

"ஏய்! நில்லுங்க! நில்லுங்கன்னா!" என்றார் கணக்கு டீச்சர்.

யாரும் கேட்கவில்லை. யோசிக்காதே, என்னைப் பாரு என்பதுதானே பாடம். கணக்கு டீச்சர் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் குடிநீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தார்.

மாஸ்டரின் முதுகு சுவரைத் தொட்டது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். அத்தனை பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

சுவரை ஒட்டியபடியே போனால் கோடியில் விளையாட்டு அறை. உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். கைகளை விரித்துச் சுவரில் பதித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார். பள்ளிக்கூடமும் கைகளை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. பெரிய வகுப்புகள் பூச்செடிகளுக்குள் போயின. ஒன்றாம் வகுப்புதான் வாசல் கேட்டுக்கு நேராக நின்றிருந்தது. அது முடிச்சுப் போட்ட டைகளோடு, கை விரித்த நிலையில், கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. காவலாளி பிரமை பிடித்தவராகச் சல்யூட் அடித்தார். அவர்களை வாரிக்கொண்டு வர ஆயாம்மாக்கள் ஓடினார்கள்.

மாஸ்டர் மகளைத் தேடினார். அவள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றாள். கையை விரிக்கவில்லை, நகரவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் மூடியிருந்தாள். கிழிந்தது தெரிந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"பிரமாதம்!" என்று மேடையிலிருந்து கைதட்டல் கேட்டது. ஆபீசர் உட்கார்ந்தபடியே தட்டிக்கொண்டிருந்தார். "பிரமாதம்!"

தலைமையாசிரியை, "சார், நீங்க ரெண்டு வார்த்தை..." என்று மைக்கைக் காட்டினார்.

"மைக்கை இங்க கொண்டாங்க. நான் உக்காந்தே பேசறேன்" என்ற ஆபீசர், கோப்பை மடியில் இறுக்கிக்கொண்டு பேசினார். "எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்திருக்கேன். இப்படி ஒரு பி.டி. மாஸ்டரைப் பாத்ததில்ல. ஒரு மனுஷனோட மானம் மரியாதைன்னா என்னன்னு தெரிஞ்சவர். இவரோட பீரியடுல ஒண்ணுகூடக் குறைக்கக் கூடாது. இது என் முடிவு. சரி, எல்லாரும் வகுப்புக்குப் போங்க. பிள்ளைங்க, டீச்சருங்க, எல்லாரும். நான் கடைசியாப் போறேன். யாரும் வழியனுப்ப வரவேண்டாம்."

மானம் மரியாதை! மாஸ்டருக்கு நெஞ்சில் ஊசி ஏறியது. எவ்வளவு நாசூக்காகக் குத்துகிறான் பாவி. அத்தனை பேர் முன்னாலும், சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி. பீரியடும் பிச்சையாகத்தான் வந்தது. மற்றவர்கள் வந்து கையைக் குலுக்கினார்கள். முதுகைச் சுவரிலிருந்து எடுக்காமல் குலுக்கிக்கொண்டார். கணக்கு டீச்சர் சொட்டச் சொட்ட அந்தப் பக்கமாகப் போனார்.

விளையாட்டு அறைக்குள் நுழைந்தால் அங்கே கொடிகளையும் வளையங்களையும் வைக்க வந்த பிள்ளைகள் கூட்டம். அவிழ்த்துப் பார்க்க வழியில்லை. வழி இருந்தாலும் பார்க்கத் தைரியம் இல்லை. அதற்குள், "மாஸ்டர், நாற்காலியெல்லாம் வெயில்ல கிடக்கு" என்று தலைமையாசிரியை ஆள் அனுப்பிவிட்டார். விருந்தினர் போன பிறகு நாற்காலி யார் அடுக்குவது? பச்சைக்கொடியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலியாகப் பின்னால் மறைப்புக்கு வைத்துக்கொண்டே அடுக்கினார். மைக்கைச் சுருட்டினார். அறைக்கும் மேடைக்கும் நண்டு நடையிலேயே போய்வந்தார்.

உணவு இடைவேளையில் மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எல்லாரும் சிரிக்கறாங்கப்பா."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா பண்ணீங்க?"

"அப்பா வேணும்னு பண்ணலடா கண்ணு. அப்பாவோட நிலைமை அப்படி ஆயிடுச்சு. உனக்குச் சொல்ல முடியாது."

"நாளையிலேருந்து நான் தனியா வேற தெரு வழியா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். சந்து முனையில் ஒரு தையல் கடை. நல்லவேளை, கூட்டம் இல்லை. தையல்காரர் மட்டும் மெஷினில் குனிந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தார். கடைக்குள் ஒரு மூலையில் அளவு பார்க்கிறவர்களுக்காகத் திரை கட்டியிருந்தது.

மாஸ்டர் பின்பக்கமாகவே படியேறி, பின்பக்கமாகவே உள்ளே வந்தார்.

"வாங்க சார். ஏன், முகத்தைக் காட்ட மாட்டீங்களா?"

"முகத்தை எங்கய்யா இனிமே காட்டறது? மானமே போச்சு. பின்னால கிழிஞ்சுபோச்சு. சீக்கிரம் தைச்சுக் குடுங்க."

"எல்லாரும் இன்னிக்கு அவசரத்துலதான் வர்றீங்க. இருங்க, கையில இருக்கறதை முடிச்சுடறேன்."

மாஸ்டருக்கு அதுவரை அடக்கிவைத்தது எல்லாம் பொங்கியது. யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார். "பள்ளிக்கூடம் மொத்தமும் முன்னால நிக்குதுய்யா. குனிஞ்சேன், டர்ருன்னு ஒரு சத்தம். பின்னாலயே அந்த மீசைக்காரன் உக்காந்து வேடிக்கை பாக்கறான். நிறுத்தினா நிறுத்தாதேங்கறான். நான் நண்டு மாதிரி நகந்து நகந்து செத்தேன், அவன் கைதட்டறான். அப்புறம் மைக்கைப் பிடிச்சு மானம் மரியாதைன்னு பிரசங்கம். மனுஷனா அவன்? என்னைப் பெத்த பொண்ணு... சீ, நான் பெத்த பொண்ணு என்னோட ஒரே தெருவுல வரமாட்டேங்குது. அந்தப் பிச்சைப் பீரியடு எனக்கு வேணாம். நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன், வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு."

கொடியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். ஏதோ சொல்ல வந்தவர், சொல்லாமல் எழுந்து வந்தார். "எழுந்திரிங்க சார். திரும்புங்க." கொடியை அவிழ்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"எங்க சார் கிழிஞ்சிருக்கு?"

"நல்லாப் பாருய்யா. விரலே உள்ள போச்சு."

"அது பின்பாக்கெட்டு சார். பட்டன் போயிருக்கு. மத்தபடி இழைகூடப் பிரியல. அந்தக் காலத்துத் துணி, கல்லு மாதிரி இருக்கு."

மாஸ்டர் இரண்டு கைகளாலும் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நிஜம்தான். ஒன்றுமே கிழியவில்லை. ஒன்றுமே கிழியாமல்தான் கொடி கட்டினார், நண்டு நடை நடந்தார், கணக்கு டீச்சரைத் தொட்டியில் தள்ளினார், மகளை அழவைத்தார். கிழிந்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும்.

"அப்ப அந்தச் சத்தம்?" என்று கத்தினார். "டர்ருன்னு என் ரெண்டு காதாலயும் கேட்டேனே! அந்த மீசைக்காரன் பல்லை இளிச்சுக்கிட்டு..."

தையல்காரர் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார். மெஷினில் பாதி தைத்துக் கிடந்த பெரிய கறுப்புப் பேன்ட்டைக் காட்டி, காதருகே வந்து ரகசியமாகச் சொன்னார்:

"மெதுவாப் பேசுங்க சார், மேடையில உங்க கூடவே குனிஞ்சவரு இதைத் தைச்சு முடிக்கற வரைக்கும் துண்டைக் கட்டிக்கிட்டு அந்தத் திரைக்குப் பின்னாலதான் உக்காந்திருக்காரு, 'அந்த பி.டி. மாஸ்டர் மட்டும் என்னைக் காப்பாத்தறதுக்காக அத்தனை கோமாளித்தனம் பண்ணி எல்லார் கண்ணையும் அந்தப் பக்கம் இழுக்கலேன்னா, என் மானம் இன்னிக்குக் கப்பலேறியிருக்கும்'னு நீங்க வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டிருந்தாரு."